டர்பன்: வேலைக்கு நான்கு நாள், கடலுக்கு நான்கு நாள்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அங்கே இருந்தது எட்டு நாள்தான், ஜூன் கடைசியில். கம்பெனி செலவில் நான்கு நாள், என் சொந்தக் காசில் நான்கு நாள். சரக்கு அனுப்பும் தொழிலில் பதினேழு வருடமாக இருக்கிறேன், டர்பன் என்ற பெயரைத் தினமும் கணினித் திரையில் பார்ப்பவன், ஆனால் அது எப்படிப்பட்ட ஊர் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. எங்களுக்கு அது ஒரு துறைமுகப் பெயர், கப்பல் தாமதமானால் மட்டும் ஞாபகத்துக்கு வரும், வாடிக்கையாளர் கத்தும்போது இன்னும் நன்றாக ஞாபகத்துக்கு வரும். போகிறேன் என்று சொன்னதும் நண்பர்கள் எல்லோரும் கேட்ட ஒரே கேள்வி, தென்னாப்பிரிக்கா வரைக்கும் போய் கேப் டவுன் பார்க்காமல் டர்பனா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துவிட்டது, அதனால்தான் எழுதுகிறேன்.

போகும் வழியை முதலில் முடித்துவிடலாம். சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்திலிருந்து டர்பனுக்கு நேராக விமானம் கிடையாது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸில் ஜோகன்னஸ்பர்க் வரை பத்தரை, பதினோரு மணி நேரம், அங்கிருந்து உள்நாட்டு விமானத்தில் ஒரு மணி நேரம். இல்லையென்றால் துபாய் சுற்றி எமிரேட்ஸில் நேராக டர்பனில் இறங்கலாம், நேரம் கூடும், பெட்டி தூக்கும் வேலை குறையும். ஏனென்றால் ஜோகன்னஸ்பர்க்கில் நீங்களே பெட்டியை எடுத்து, சுங்கம் தாண்டி, உள்நாட்டுப் பக்கம் கொண்டுபோய் மறுபடி போட வேண்டும். பெட்டி தானாக வந்துவிடும் என்று நம்பிக் கையை வீசிக்கொண்டு வந்த என் சக ஊழியர் டர்பனில் இரண்டு நாள் என் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிந்தார். இரண்டு விமானங்களுக்கு நடுவே மூன்று மணி நேரமாவது விட்டு டிக்கெட் எடுங்கள். சிங்கப்பூர் பாஸ்போர்ட் என்றால் விசா எடுக்க வேண்டாம், இந்தியப் பாஸ்போர்ட்டில் இருக்கும் பிஆர் (நிரந்தரவாசி) நண்பர்கள் எடுத்தாக வேண்டும். நேரம் நமக்கு ஆறு மணி பின்னால், அதனால் முதல் இரண்டு நாள் விடிகாலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடும். அந்த ஊரில் அது ஒரு வரம், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அப்புறம் பிளக். நம்முடைய சதுரக் கம்பி மூன்று முனை பிளக் அங்கே எதற்கும் ஆகாது. அவர்களுடையது தடித்த மூன்று உருண்டைக் கம்பி, தமிழ்நாட்டு வீடுகளில் ஏசிக்கும் கீசருக்கும் போடுவார்களே, பதினைந்து ஆம்பியர், அதேதான். கடைகளில் விற்கும் உலகப் பயண அடாப்டர் பலவற்றில் இது இருக்காது, என்னுடையதிலும் இல்லை. தனியாகக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

துணை வெப்பமண்டலம் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததன் அர்த்தம் இந்த ஊரில்தான் எனக்குப் புரிந்தது. மாமரம், வாழை, காகிதப்பூ எல்லாம் நம் பக்கம் மாதிரியே இருக்கும், ஆனால் ஜூனில் போனால் வேர்க்காது. பகலில் இருபத்திரண்டு, இருபத்து மூன்று டிகிரி, வானம் கழுவிவிட்ட மாதிரி நீலம், மழையே இல்லை, ராத்திரி பன்னிரண்டுக்கு இறங்கிவிடும், நான் ஸ்வெட்டர் எடுத்துப் போகவில்லை. இந்தியப் பெருங்கடலில் வடக்கிலிருந்து வெதுவெதுப்பான அகுலாஸ் நீரோட்டம் இறங்கி வருவதால் அவர்களுடைய குளிர்காலத்திலும் கடலில் இறங்கலாம். கேப் டவுன் கடலில் காலை வைத்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், அந்தப் பக்கத்துத் தண்ணீர் ஐஸ். டிசம்பர், ஜனவரியில் டர்பன் போனால் மட்டும் அசல் சிங்கப்பூர்ப் புழுக்கம்தான், அதற்கு எதற்கு விமான டிக்கெட்?

இப்போது எனக்கு நெருக்கமான விஷயம், துறைமுகம்.

என் அலுவலகம் தஞ்சோங் பகாரில் இருக்கிறது. நான் வேலையில் சேர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே கிரேன்கள் நிற்கும், கீழே கொள்கலன்கள் அடுக்கடுக்காக இருக்கும். 2017-ல் அந்த முனையத்தில் வேலை நின்றது. 2022-ல் துவாஸ் துறைமுகத்தை அதிகாரபூர்வமாகத் திறந்தார்கள், நகரத்தை ஒட்டிய மிச்ச முனையங்களும் 2027-க்குள் அங்கே போய்விடும் என்பது திட்டம். துவாஸில் ஆளில்லா வண்டிகள் கொள்கலன் தூக்கிக்கொண்டு ஓடுகின்றன, 2024-ல் சிங்கப்பூர் கையாண்டது 41 மில்லியன் இருபதடிக் கொள்கலன்களுக்கும் மேல், பெருமையான எண், மறுக்கவில்லை. ஆனால் துறைமுகத்தால் பிழைக்கும் ஊரில் வளரும் என் பிள்ளைகள் ஒரு கப்பல் கரை சேர்வதைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் நின்றால் கப்பல்கள் தெரியும்தான், ஆனால் அவை தூரத்தில் நங்கூரம் போட்டுக்கொண்டு, சுவரில் மாட்டிய படம் மாதிரி அசையாமல் நிற்கும்.

டர்பனில் கப்பல் உங்கள் மூக்குக்கு எதிரே போகும். ஊரே ஒரு குடாவைச் சுற்றித்தான் இருக்கிறது. நகராட்சியின் ஜூலு மொழிப் பெயர் இதெக்வினி, குடா இருக்கும் இடம் என்று அர்த்தமாம். முதல் நாள் பெயர்ப் பலகையில் அதைப் பார்த்ததும் எனக்கு நம் லிட்டில் இந்தியாவின் தேக்கா ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன், காரோட்டிக்கு ஏன் என்று விளக்க முடியவில்லை. தெற்கே பிளஃப் என்ற உயரமான கரைமேடு, வடக்கே கடற்கரை, நடுவில் ஒடுங்கலான துறைமுக வாய். பெரிய கப்பல்கள் வருவதற்காக அந்த வாயை அகலமாக்கி, ஆழமாக்கி 2010-ல் முடித்தார்கள். கடற்கரை நடைபாதையில் தெற்கே நடந்துகொண்டே போனால் கடைசியில் அந்த வாய்க்கே வந்து நிற்பீர்கள். விடிகாலை ஆறரைக்கு, தூக்கம் வராமல் (இதைத்தான் வரம் என்றேன்), கையில் காப்பியோடு நின்றுகொண்டிருக்கிறேன், முந்நூறு மீட்டருக்குக் குறையாத ஒரு கொள்கலன் கப்பல் இழுவைப் படகுகள் பின்தொடர உள்ளே நுழைகிறது, ஒரு பெரிய அடுக்குமாடி புளோக் நகர்ந்து வருகிற மாதிரி. மேல்தளத்தில் ஒரு மாலுமி கையசைத்தார். பதினேழு வருடமாக நான் பார்க்கும் வேலை என்ன என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன்.

வேலை விஷயத்தில் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவின் கொள்கலன் போக்குவரத்தில் பாதிக்கும் மேல் டர்பன் வழியாகத்தான் போகிறது, ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றியிருக்கும் தொழில் வட்டாரம் முழுக்க இதைத்தான் நம்பியிருக்கிறது, ரயில் பலவீனமானதால் பெரும்பகுதி என்3 நெடுஞ்சாலையில் லாரியில் ஏறுகிறது. சாம்பியா, ஜிம்பாப்வே சரக்கும் இந்த வழி வரும். ஆனால் உலக வங்கி வெளியிடும் துறைமுகச் செயல்திறன் பட்டியலில் டர்பன் கடைசி வரிசைகளில் இருக்கும் பெயர். 2023 நவம்பரில் கப்பல்கள் வெளியே வரிசையாகக் காத்துக் கிடந்ததை எங்கள் துறையில் யாரும் மறக்கவில்லை. பழைய கிரேன்கள், உதிரிபாகத் தட்டுப்பாடு, போதாததற்குக் காற்று, காற்று கூடினால் கிரேனை நிறுத்தியே ஆக வேண்டும். பெரிய முனையமான பியர் 2-க்குக் கூட்டாளியாகப் பிலிப்பைன்ஸின் ஐசிடிஎஸ்ஐ நிறுவனத்தை 2023-ல் தேர்ந்தெடுத்தார்கள், போட்டியில் தோற்றவர் நீதிமன்றம் போனதில் அதுவும் இழுபறியானது. ஆக, சரக்கு விஷயத்தில் டர்பனுக்கு நான் தரும் மதிப்பெண் குறைவுதான். திட்டமிடும்போது ஒரு வாரம் கூடுதலாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

மனிதர்கள் விஷயத்தில் கதை வேறு. எங்கள் சந்திப்புகளில் பாதி டர்பன் மாநாட்டு மையத்துக்குப் பக்கத்தில் இருந்தன, 1997-ல் மண்டேலா திறந்துவைத்த இடம், ஆப்பிரிக்காவின் பெரிய சுற்றுலாச் சந்தை வருடா வருடம் மே மாதம் அங்கேதான் நடக்கும். மிச்சப் பாதி ஊம்லாங்காவில். நகர மையத்தை விட்டு நிறைய அலுவலகங்கள் வடக்கே அந்தப் பக்கம் போய்விட்டன. முதல் சந்திப்பில் யாரும் விலை பேசவில்லை, குடும்பம், ரக்பி, சாப்பாடு, மறுபடி குடும்பம், நாற்பது நிமிடம் கழித்து போகிற போக்கில் ஒரு எண் வந்தது. நம் ஊரில் அரை மணியில் மூன்று சந்திப்பு முடிப்பவர்களுக்குக் கடுப்பாக இருக்கும். ஆனால் கிளம்பும்போது ஒருவர் தன் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுத்து, கப்பல் சிக்கினால் எந்த நேரமும் கூப்பிடு என்றார், அதற்குப் பிறகு ஒருமுறை கூப்பிட்டேன், உண்மையிலேயே எடுத்தார். ஒன்று மட்டும் கவனம். அவர்கள் "ஜஸ்ட் நௌ" என்றால் இப்போது என்று அர்த்தமில்லை, பிறகு எப்போதோ என்று அர்த்தம். நம்மவர்கள் குளியலறையில் இருந்துகொண்டு "இதோ வந்துட்டே இருக்கேன்" என்பதற்குச் சமம்.

தங்கும் இடத்தில் நான் ஒரு தப்பு செய்தேன், அல்லது செய்யவில்லை, இன்னும் முடிவுக்கு வரவில்லை. சக ஊழியர் ஊம்லாங்காவில் தங்கினார், விமான நிலையமும் பக்கம், ராத்திரி உணவகங்களுக்கு நடந்தே போகலாம், கடலுக்குள் நீளும் ஒரு சின்னப் பாலம், சிவப்பு வெள்ளைக் கலங்கரை விளக்கம், எல்லாம் துடைத்து வைத்த மாதிரி. எனக்குக் கப்பல் பார்க்க வேண்டும், அதனால் நகரக் கடற்கரையிலேயே ஒரு பழைய பெரிய ஹோட்டல் எடுத்தேன், பெயர் வேண்டாம். அறையில் கடல் பார்வை அபாரம். இரண்டாம் நாள் காலை சோப்பு போட்ட பிறகு தண்ணீர் நின்றது. கீழே கூப்பிட்டால் "ஜஸ்ட் நௌ". அன்றைய முதல் சந்திப்புக்கு நான் மினரல் வாட்டரில் முகம் கழுவிவிட்டுப் போனேன். 2022 ஏப்ரல் வெள்ளம் இந்த ஊரைப் புரட்டிப்போட்டுவிட்டது, நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள், டொயோட்டாவின் தொழிற்சாலையே மூழ்கி மாதக்கணக்கில் நின்றது, குழாய்களும் கழிவுநீர் நிலையங்களும் சேதமானதில் கடற்கரைகளைக் கூடக் குளிக்கக் கூடாது என்று மூடி வைத்தார்கள். அந்த அடியிலிருந்து இன்னும் முழுதாக எழுந்திருக்கவில்லை என்பது அங்கங்கே தெரியும். குளிப்பதற்கு முன் அன்றைய நிலைமையை ஹோட்டலில் கேளுங்கள், வாளியில் கொஞ்சம் தண்ணீரும் பிடித்து வையுங்கள், அம்மாக்கள் சொல்லும் அறிவுரைதான்.

பாதுகாப்பு பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். பகலில் கடற்கரை நடைபாதையில் குடும்பங்கள், சைக்கிள்கள், அலைச்சறுக்குப் பையன்கள், பயப்பட எதுவும் இல்லை. இருட்டிய பிறகு நடக்காதீர்கள், ஊபர் எடுங்கள், காரில் போகும்போது கைபேசியை மடியில் வெளிச்சம் போட்டுக் காட்டாதீர்கள். நகர மையத்துத் தெருக்களில் உள்ளூர் ஆள் ஒருவரோடு போவது நல்லது. உணவகத்தில் மேசைமேல் டிஷ்யூ பாக்கெட்டையோ கைபேசியையோ வைத்து இடம் பிடிக்கும் நம் தேசியப் பழக்கத்தைச் சாங்கியிலேயே இறக்கி வைத்துவிட்டுப் போங்கள். எட்டு நாளில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை, அதே சமயம் எட்டு நாளும் தோள்பையை முன்பக்கம்தான் மாட்டியிருந்தேன்.

சரி, கடலுக்கு வருவோம். நான் போன சமயம் மத்தி மீன் காலம். ஜூன், ஜூலையில் தெற்கேயிருந்து கோடிக்கணக்கான மத்திகள் குளிர்ந்த நீரோடு கரையை ஒட்டி வடக்கே நகரும், பின்னாலேயே டால்பின், சுறா, கடற்பறவைக் கூட்டம். சார்டின் ரன் என்று டிவியில் பார்த்திருப்பீர்கள். ஒரு காலை நடைபாதையில் திடீரென்று ஜனங்கள் ஓட ஆரம்பித்தார்கள், நானும் என்ன ஏது என்று தெரியாமல் ஓடினேன். கரையில் ஒரு வலையை இருபது பேர் சேர்ந்து இழுக்கிறார்கள். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது, கரைவலை! தாத்தாவின் ஊரில் சின்ன வயதில் பார்த்த அதே கரைவலை, அதே மாதிரி உடம்பைப் பின்னால் சாய்த்து, காலை மணலில் ஊன்றி. ஒப்பந்தக் கூலிகளாக வந்த இந்தியர்களில் சிலர் ஒப்பந்தம் முடிந்ததும் மீன்பிடிக்க இறங்கி, இந்தக் கடற்கரைகளில் கரைவலை இழுத்த கதை நூறு வருடத்துக்கும் பழையது. வலையை இழுத்தவர்களில் ஒருவரிடம் தமிழில் பேசிப் பார்த்தேன். சிரித்துக்கொண்டே ஆங்கிலத்தில், தாத்தாவோடு போயிற்று தம்பி என்றார்.

இந்த ஊரில் நம்மவர்களுக்கு மனதைப் பிசைவது இதுதான். 1860 நவம்பர் 16-ல் ட்ரூரோ என்ற கப்பல் மதராஸிலிருந்து 342 பேரோடு டர்பனில் வந்து சேர்ந்தது, கரும்புத் தோட்ட வேலைக்கு. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், பெரும்பாலோர் மதராஸ் துறைமுகத்திலிருந்து ஏறியவர்கள். இன்றைக்கு இந்தியாவுக்கு வெளியே இந்திய வம்சாவளியினர் மிக அதிகமாக வாழும் நகரங்களில் டர்பன் ஒன்று. விமான நிலையத்தில் பெட்டி தூக்கி வைத்தவர் சட்டையில் கோவெண்டர், வங்கியில் மூட்லி, மருந்துக்கடைப் பலகையில் படையாச்சி. கவுண்டர்தான் கோவெண்டர், முதலிதான் மூட்லி, நாயுடு, பிள்ளை, செட்டி எல்லாம் வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிக் குடும்பப் பெயராகிவிட்டன. நம் அடையாள அட்டையில் எஸ்/ஓ (இன்னார் மகன்) இருக்கிற மாதிரி அது அவர்களுக்கு. முகம் நம் முகம், பெயர் நம் பெயர், வாயைத் திறந்தால் ஆங்கிலம். நீங்கள் தமிழா ஹிந்தியா என்று ஒருவர் என்னைக் கேட்டார். மொழியைக் கேட்கவில்லை. அங்கே தமிழ் என்றால் ஒரு சமூகம், ஒரு வழிபாட்டு முறை, எந்தக் கோயில், எப்படிக் கல்யாணம் என்பது. சிங்கப்பூரில் ரயில் அறிவிப்பிலும் நாடாளுமன்றத்திலும் பத்து வெள்ளி நோட்டிலும் தமிழ் இருக்கிறது, வீட்டில் பேசுவதுதான் குறைந்துகொண்டே வருகிறது. அங்கே தமிழ் ஆட்சி மொழி இல்லை, பேச்சிலும் போய்விட்டது, ஆனால் ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவது போகவில்லை, காவடி போகவில்லை, தீமிதி போகவில்லை. இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் புனித வெள்ளியன்று பெரிய கூட்டம் கூடுமாம், தோட்டத்து முதலாளிகள் அந்தக் காலத்தில் ஈஸ்டருக்குத்தான் விடுமுறை விட்டார்கள் என்பதால் அம்மனும் அந்த நாளுக்கு மாறிக்கொண்டாள்.

எங்கள் வாடிக்கையாளர் ஒருவரின் அப்பா, எண்பது வயது இருக்கும், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கூப்பிட்டார். ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார், அவருடைய தாத்தாவின் கப்பல் பதிவின் நகல். ஆளுக்கு ஒரு எண், பெயர், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, கிராமம். ஜில்லா வட ஆற்காடு. கிராமத்தின் பெயரை ஆங்கிலத்தில் குமாஸ்தா எழுதியிருந்த விதத்தில் அது எந்த ஊராகவும் இருக்கலாம். என்னிடம் காட்டி, இதைச் சரியாக எப்படி உச்சரிப்பது என்று கேட்டார். நான் மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தேன், மூன்றையும் அவர் திருப்பிச் சொன்னார், எது சரி என்று எனக்கும் தெரியாது. பிறகு சீட்டுக்கட்டை எடுத்தார்கள். துனீ என்று ஒரு ஆட்டம், டர்பன் இந்தியர்கள் எல்லோருக்கும் தெரியும், ஜாக்கிதான் பெரியது, அடுத்து ஒன்பது, அப்புறம்தான் ஏஸ். எங்கள் அப்பா ஊரில் ஆடும் இருபத்தெட்டு ஆட்டத்தின் சகோதரன். பெயர் தண்ணி என்ற தமிழ்ச் சொல்லிலிருந்து வந்ததாம், அந்த வீட்டில் அன்று நான் கேட்ட ஒரே தமிழ்ச் சொல் அதுதான், அதையும் ஜெயித்தவர் கத்தினார், நான் தோற்றேன். இந்த வரலாறு வேண்டுபவர்கள் டெர்பி தெருவில் 1860 ஹெரிடேஜ் சென்டர் இருக்கிறது, சின்ன இடம், ஒரு மணி நேரம் போதும்.

சாப்பாடு. பன்னி சௌ சாப்பிடாமல் வந்தால் டர்பன் போனதாகக் கணக்கில்லை. முயலும் இல்லை, ஒன்றும் இல்லை. பனியா என்ற வணிகச் சமூகத்தின் பெயரிலிருந்து வந்தது என்பார்கள். வெட்டாத வெள்ளை ரொட்டியை எடுத்து, நடுவைத் தோண்டி, உள்ளே குழம்பு ஊற்றி, தோண்டிய ரொட்டித் துண்டையே மேலே மூடியாக வைத்துக் கொடுப்பார்கள். கால், அரை, முழு என்று ரொட்டி அளவில்தான் ஆர்டர். "குவார்ட்டர் மட்டன்" என்றால் கால் ரொட்டியில் ஆட்டுக்கறி. நான் முதல் நாள் வீரமாக அரை சொன்னேன், கடைக்காரப் பெண்மணி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கால்தான் கொண்டுவந்து வைத்தார், அதையே முடிக்க முடியவில்லை. கையால்தான் சாப்பிட வேண்டும், மேலே இருக்கும் மூடியில் ஆரம்பித்து, சுவரைப் பிய்த்துப் பிய்த்துக் கீழே வர வேண்டும், அவசரப்பட்டு அடிச்சுவரைப் பிய்த்தால் அணை உடையும். குழம்பு செக்கச் சிவப்பு, கறியில் உருளைக்கிழங்கு கட்டாயம், தேங்காய் கிடையாது, காரம் நம் மீன் தலைக் கறியைத் தூக்கிச் சாப்பிடும். கூடவே காரட், வெங்காயம், பச்சை மிளகாய் துருவல். கறி சாப்பிடாதவர்களுக்குப் பீன்ஸ் பன்னி, என்னைக் கேட்டால் அதுதான் இன்னும் ருசி, மிருதுவான பீன்ஸ் குழம்பை ரொட்டி உறிஞ்சிக்கொள்ளும். நான் போனபோது கால் பன்னி நம் காசில் பத்து வெள்ளிக்குள் முடிந்துவிட்டது, ஒரு வெள்ளிக்குப் பதின்மூன்று, பதினான்கு ரேண்ட் கணக்கு. ஹலால் தேடி அலைய வேண்டாம், ஊர் முழுக்க இருக்கிறது. பிரியாணியில் மட்டும் ஒரு அதிர்ச்சி, மசூர் பருப்பு போடுகிறார்கள். இதை வீட்டில் சொன்னபோது என் மனைவி சிறிது நேரம் என்னோடு பேசவில்லை.

விக்டோரியா தெருச் சந்தைக்கு நிச்சயம் போங்கள். பழைய இந்தியச் சந்தை 1973-ல் எரிந்துபோய், இப்போது இருக்கும் கட்டடம் 1990-ல் வந்தது. மணிமாலை, மரச் சாமான் எல்லாம் சுற்றுலாப் பயணிக்கு, விலை பேசத் தெரிந்தால் வாங்கலாம். மசாலாக் கடைகள்தான் விசேஷம், மலை மலையாகக் குவித்து, ஒவ்வொரு குவியலிலும் ஒரு அட்டை செருகியிருக்கும். மிகக் காரமானதற்கு வைத்திருக்கும் பெயர், மாமியார் ஒழிப்பு மசாலா. நான் அரை கிலோ வாங்கினேன். கடைக்காரர் யாருக்கு என்று கேட்டார், என் அம்மாவுக்கு என்றேன். அப்படியானால் உங்கள் மனைவி அல்லவா வாங்க வேண்டும் என்றார்.

மற்றவை வேகமாக. குழந்தைகளோடு போனால் உஷாகா கடல் உலகம், ஒரு முழு நாள் போய்விடும், மீன் காட்சியகத்தை ஒரு பழைய சரக்குக் கப்பல் உடைந்து கிடக்கும் அமைப்பில் செய்திருக்கிறார்கள். மோசஸ் மபிடா அரங்கம் கால்பந்து பைத்தியங்களுக்கு, 2010 உலகக் கோப்பையில் ஸ்பெயின் ஜெர்மனியை அரையிறுதியில் அடித்தது இங்கேதான். தாவரவியல் பூங்கா 1849-ல் தொடங்கியது, நம்முடையதைவிடப் பத்து வருடம் மூத்தது, அங்கே எனக்குப் பிடித்தது ஒரு சைகஸ் வகை மரம், வுட்ஸ் சைகட் என்கிறார்கள். 1895-ல் காட்டில் ஒரே ஒரு ஆண் மரம் கண்டுபிடித்தார்கள், உலகத்தில் இன்று இருப்பதெல்லாம் அதிலிருந்து பிரித்து வளர்த்ததுதான், பெண் மரம் இன்றுவரை கிடைக்கவில்லை. நூற்று முப்பது வருடமாக வரன் தேடுகிறார்கள், நம் வீடுகளில் முப்பது வயதுக்கே என்ன பாடு படுத்துகிறார்கள். ஒருநாள் கார் எடுத்து வடக்கே லூலுவே காட்டுக்குப் போனோம், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓட்ட வேண்டும், நம்மைப் போல இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள், சிரமமில்லை, அழியவிருந்த வெள்ளைக் காண்டாமிருகத்தைக் காப்பாற்றிய காடு, ஒன்பது பார்த்தேன். ஒரே நாளில் போய்த் திரும்பியது முட்டாள்தனம், ஓர் இரவு தங்குங்கள்.

ஜூலை முதல் சனிக்கிழமை கிரேவில் மைதானத்தில் டர்பன் ஜூலை குதிரைப் பந்தயம், அந்த வாரம் ஹோட்டல் விலை தாறுமாறாக ஏறும், பந்தயத்துக்காகப் போகவில்லையென்றால் தள்ளிப் போடுங்கள். எல்லாம் நேரத்துக்கு நடக்க வேண்டும், குழாயைத் திறந்தால் தண்ணீர் வர வேண்டும் என்பவர்கள் ஊம்லாங்காவில் தங்கிவிட்டு, மூன்றே நாளில் வேலையை முடித்துக்கொண்டு திரும்பிவிடலாம், தப்பில்லை. கப்பல், காரம், பழைய கதை இந்த மூன்றில் ஒன்றாவது பிடிக்கும் என்றால் கூடுதலாக நான்கு நாள் போடுங்கள். நான் அடுத்த ஜூனில் குடும்பத்தோடு போகிறேன், அதே பழைய ஹோட்டலில், அதே பக்கத்து அறை கேட்டிருக்கிறேன், பிள்ளைகள் விடிகாலையில் கப்பல் பார்க்க வேண்டும். ஒரு வாளியும் கேட்டிருக்கிறேன்.

மசாலாவை அம்மாவிடம் கொடுத்தேன். பாக்கெட்டைப் பிரித்து மோந்து பார்த்துவிட்டு, "இதென்னப்பா, காரம்தான் இருக்கு, மணமே காணோம், மல்லி குறைச்சல்" என்றார். அந்த ஞாயிற்றுக்கிழமை தேக்கா ஈரச்சந்தையிலிருந்து ஆட்டுக்கறி வாங்கி வந்து உருளைக்கிழங்கு போட்டு வைத்தார். கடையில் வெட்டாத ரொட்டி வாங்கி நான் நடுவைத் தோண்டிக் கொடுத்தேன், ஏன் ரொட்டியை வீணாக்குகிறாய் என்று திட்டிக்கொண்டே அம்மாவும் ஒரு கால் ரொட்டி சாப்பிட்டார். மூன்று வாரத்தில் பாக்கெட் காலி.